புனிறு தீரும் காலம்

(மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருத்தி மருத்துவப் பொருளைப் பற்றிப் பேச முன்வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஒரு சொல்லை முன்னிட்டே இப்பொருளைத் தேர்ந்துகொண்டேன். 'புனிறு' என்பது அச்சொல். தொல்காப்பியத்தின் உரியியல் இதற்கு ஈன்றணிமை என்று பொருள் கூறுகின்றது. அதாவது, பிள்ளை பெற்றதை ஒட்டிய அண்மைக்காலம். புதிதாய்க் கன்று ஈன்ற பசுவைப் புனிற்றா என்று சங்கப் புலவர்கள் வழங்கினர். சூல் கொண்ட நிலைக்கு ஒரு சொல், ஈனும் செயலுக்கு ஒரு சொல் என்பதோடு நில்லாமல், ஈன்றபின் உள்ள நிலைக்கும் தனியே ஒரு சொல்லைப் படைத்துக்கொண்ட மொழி நம்முடையது. இன்று அச்சொல் வழக்கொழிந்தது. சொல்லோடு, அப்படி ஒரு நிலை உண்டு என்னும் நினைவும் நம் வீடுகளில் மங்கிவிட்டதோ என்பதே என் ஐயம்.

கருவுற்ற பெண்ணுக்கு வளைகாப்பு இடுகின்றோம்; மாதந்தோறும் மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றோம்; அவள் ஒரு குடம் நீரைத் தூக்கினாலும் பதறுகின்றோம். பிள்ளை பிறந்த மறுகணம் எல்லாருடைய கண்களும் தொட்டிலுக்குத் திரும்பிவிடுகின்றன. தாய்க்குரிய காலம் எவ்வளவு என்று கேட்டால், நாற்பது நாள் என்பர் மூத்தோர். மருத்துவமனைக் கணக்கும் ஏறத்தாழ அதுவே. ஆறு வாரம், 42 நாள். கருப்பை சுருங்கிப் பழைய அளவை எய்துவதற்கு இக்கணக்குப் பொருந்தும். உடலின் நோய் எதிர்ப்பாற்றல் பழைய நிலைக்கு வந்து அமைவதற்கோ ஓராண்டுக் காலம் வேண்டும். நாற்பது நாளுக்கும் ஓராண்டுக்கும் இடையே கேட்பாரின்றிக் கிடக்கும் அந்தப் பத்து மாதங்களைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

முதலில், மகப்பேற்றால் நோய் எதிர்ப்பாற்றல் ஏன் மாறவேண்டும் என்பதைக் காண்போம். தன்னுடையது எது, அயலது எது என்று பிரித்தறிவதே நம் குருதியில் உள்ள வெள்ளணுக்களின் முதற்பணி. ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றொருவர்க்குப் பொருத்தினால், அதனை அயலது என்று உடல் தள்ளிவிடாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து உட்கொள்ளவேண்டியுள்ளது. கருவில் வளரும் குழந்தையின் மரபுக்கூறுகளில் பாதி தந்தையுடையவை. தாயின் உடலுக்கு அவை அயலானவை. அப்படியிருந்தும் பத்துத் திங்கள் அக்குழந்தையைத் தாயின் உடல் எவ்வாறு விலக்காமல் தாங்குகின்றது? இவ்வினாவை 1953-இல் கூர்மையாக எழுப்பியவர் பீட்டர் மெடவார் என்னும் பிரிட்டிஷ் அறிவியலறிஞர். அயல் திசுக்களை உடல் ஏற்பதும் மறுப்பதும் பற்றிய ஆராய்ச்சிக்காக 1960-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

விடை ஒன்றன்று, பல. தாய்க்கும் சேய்க்கும் இடையே நிற்கும் நஞ்சுக்கொடியின் அணுக்கள், அயலது என்று காட்டிக்கொடுக்கும் அடையாளங்களைப் பெரிதும் மறைத்துக்கொள்கின்றன. கருவுற்ற காலத்தில் பெருகும் புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், கார்ட்டிசோல் ஆகிய இயக்குநீர்கள் வெள்ளணுக்களின் சீற்றத்தைத் தணிக்கின்றன. சண்டையை அடக்குவதற்கென்றே உள்ள ஒருவகை வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் கூடுகின்றது. இதனால் கருவுற்றவளுக்கு எதிர்ப்பாற்றலே இல்லை என்று எண்ணிவிடலாகாது. காவல் உறங்குவதில்லை, காவலின் முறை மாறுகின்றது. அம்மாற்றத்திற்கு ஒரு விலையும் உண்டு. இன்ஃபுளுயன்சா காய்ச்சலும், ஈ வகை மஞ்சட்காமாலையும் கருவுற்ற பெண்களை மற்றவரினும் கடுமையாகத் தாக்குவது மருத்துவர் அறிந்த செய்தி.

பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடியும் வெளிப்பட்டபின் நிகழ்வதுதான் நம் பொருள். முன் சொன்ன இயக்குநீர்கள் சில நாள்களிலேயே சரிந்து வீழ்கின்றன. அடங்கியிருந்த எதிர்ப்பாற்றல் மீளத் தலையெடுக்கின்றது. பலருக்கு அது படிப்படியாகப் பழைய நிலையை அடைந்துவிடும். சிலருக்கோ மீளும் வேகத்தில் எல்லை கடந்துவிடுகின்றது. அயலதைத் தாக்கவேண்டிய படை தன் உடலின் உறுப்பையே தாக்கத் தொடங்குகின்றது. இதனைத் தன்னெதிர்ப்பு நோய் என்கின்றனர். இந்நோய்க்கான வித்து அப்பெண்ணின் உடலில் முன்பே மறைந்திருக்கும். கருவுற்ற காலத்தில் அடங்கிக்கிடக்கும். மகப்பேற்றுக்குப்பின் மூன்றாம் மாதம் தொடங்கி வெளிப்படும்.

இவ்வுண்மையை உலகம் முதலில் கண்டுகொண்டது மூட்டுவலியின் வழியாக என்பது சுவையான செய்தி. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர், முடக்குவாதத்தால் துன்புற்ற பெண்கள் கருவுற்றவுடன் வலி நீங்கி நடமாடுவதையும், பிள்ளை பிறந்த சில மாதங்களில் மீண்டும் முடங்குவதையும் கூர்ந்து நோக்கினார். 1938-இல் அதனை எழுதியும் வைத்தார். கருவுற்ற உடலில் ஏதோ ஒரு பொருள் நோயை அடக்குகின்றது என்பது அவர் துணிபு. அப்பொருளைத் தேடிச் சென்ற பாதையில்தான் 1948-இல் கார்ட்டிசோன் மருந்து முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. 1950-இல் ஹென்ச்சும் அவருடன் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இன்று ஆஸ்துமாவிற்கும் தோல்நோய்க்கும் நாம் எளிதாக வாங்கும் ஸ்டீராய்டு மருந்துகளின் வரலாற்றில், பெயர் தெரியாத சில புனிற்றுத் தாயரின் மூட்டுவலி மறைந்திருக்கின்றது. நரம்புறைகளைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயிலும் இதே போக்கு உண்டு. 12 ஐரோப்பிய நாடுகளில் 254 பெண்களைத் தொடர்ந்து கண்காணித்து 1998-இல் வெளிவந்த ஆய்வில், கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் நோயின் தாக்கம் வெகுவாகக் குறைந்தது. மகப்பேற்றுக்குப்பின் முதல் மூன்று மாதங்களில் உயர்ந்தது.

இவையெல்லாம் சிலருக்கே வருவன. நம் வீடுகளில் அடிக்கடி வந்தும் நாம் அடையாளம் காணாத ஒன்று உண்டு. அதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

கழுத்தின் முன்புறம் குரல்வளையை ஒட்டி வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது தைராய்டு சுரப்பி. உடலின் வெம்மை, இதயத் துடிப்பு, குடலின் அசைவு, மனத்தின் விரைவு ஆகிய அனைத்திற்கும் வேகம் அமைத்துக் கொடுப்பது அதுவே. மகப்பேற்றுக்குப்பின் மீண்டெழும் எதிர்ப்பாற்றல் மிகுதியும் தாக்குவது இச்சுரப்பியைத்தான். நியூசிலாந்தில் பொது மருத்துவராக இருந்த ராபர்ட்டன் என்பவர், பிள்ளை பெற்ற சில மாதங்களில் தாய்மார்க்குச் சோர்வும் குளிர்ச்சியும் முடியில் மாற்றமும் காண்பதையும், தைராய்டுச் சாறு கொடுத்தால் அவை நீங்குவதையும் 1948-இல் எழுதினார். கார்ட்டிசோன் வந்த அதே ஆண்டு! ஹென்ச்சுக்குப் பரிசு கிடைத்தது. ராபர்ட்டனை எவரும் பொருட்படுத்தவில்லை. சுரப்பியை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கக்கூடும் என்பது இலண்டனில் மெய்ப்பிக்கப்பட்டது 1956-இல்தான். அதன்பின் ஜப்பானின் ஒசாகாவில் அமினோ என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் பிள்ளை பெற்ற பெண்கள் 507 பேரை ஆராய்ந்து, நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இக்கோளாறு இருப்பதை 1982-இல் உலகிற்குக் காட்டினர். இன்று பல நாடுகளின் கணக்குகள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை கூறுகின்றன. இம்மண்டபத்தில் நூறு தாய்மார் இருப்பின், அவர்களுள் ஐவருக்கேனும் இது வந்து போயிருக்கும். எத்தனை பேர் அதன் பெயரை அறிந்திருப்பீர்கள்?

இந்நோயின் போக்கு இரு பகுதிகளை உடையது. குழப்பத்திற்கு அதுவே காரணம். தாக்கப்பட்ட சுரப்பி சிதையும்போது, அதில் சேமித்துவைத்திருந்த இயக்குநீர் முழுதும் குருதியில் கசிகின்றது. அதனால் முதலில் மிகைநிலை. மகப்பேற்றுக்குப்பின் இரண்டு முதல் ஆறு மாதங்களுக்குள் இது தோன்றும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் வாராது, எளிதில் சினம் வரும், உண்டும் உடல் மெலியும். குழந்தை இரவில் உறங்கவிடாததால்தான் இப்படி என்று அனைவரும் எண்ணிக்கொள்வர். சில வாரங்களில் இது தானே தணியும். சேமிப்புத் தீர்ந்தபின், நான்கு முதல் எட்டு மாதங்களுக்குள் எதிர்நிலை தொடங்கும். அப்போது சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், உடல் பருத்தல், தோல் உலர்தல், குரல் கரகரத்தல், மறதி, எதிலும் மனம் செல்லாமை. சிலருக்கு முதல்நிலை மட்டும் வரும். சிலருக்கு இரண்டாம் நிலை மட்டும். பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் சுரப்பி தேறிவிடும். சிலருக்குத் தேறுவதே இல்லை.

இடையே ஒன்று. பிள்ளை பெற்ற மூன்றாம் மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி உதிர்வது பெரும்பாலான பெண்களுக்கு இயல்பு. அதனை மட்டும் கண்டு தைராய்டு என்று அஞ்சவேண்டா. முடியோடு மேற்கூறியவையும் சேர்ந்து வந்தாலே கருத வேண்டும். வெறும் சோர்வுக்குக் குருதிச்சோகையும் காரணம் ஆகலாம். ஆதலின் இரண்டையும் சேர்த்தே சோதிப்பது நல்லது.

இனி நம் வழக்கத்தை இதனோடு பொருத்திப் பார்ப்போம். முதற்பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்கின்றாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் கணவன் வீட்டிற்கு அழைத்து வருகின்றனர். தொட்டிலும் சீரும் உடன் வருகின்றன. சுரப்பியின் இரண்டாம் நிலை தொடங்கும் காலமும் ஏறத்தாழ அதுவே! மகளின் நடையும் குரலும் மாறியதை உடனே உணரக்கூடிய தாய் இப்போது அருகில் இல்லை. மாமியார் காண்பதோ புதிதாய் வந்து சேர்ந்த ஒரு மந்தமான மருமகளை. ஆறு மாதம் தாய்வீட்டில் இருந்து பழகிவிட்டாள், அதனால் வேலைக்கு வணங்கவில்லை என்று அவர் கருதுவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கின்றது. நோய் தொடங்குவதும் இடம் மாறுவதும் ஒரே நாளில் அமைந்துவிட்டால், பழி இடத்தின்மேல் விழும். அல்லது பெண்ணின்மேல் விழும். சுரப்பியை எவரும் நினையார்.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்திக்கு இதுவே நேர்ந்தது. வகுப்பில் துடிப்பானவள், மேடைப் பேச்சில் பரிசுகள் பெற்றவள். குழந்தைக்கு ஆறு மாதம் இருக்கையில் அவளைக் காணச் சென்றேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து நின்றாள். முகம் வீங்கி, குரல் தடித்து, பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. சித்திரை மாதத்தில் போர்வை போர்த்தியிருந்தாள். அவள் மாமியார் கொடியவர் அல்லர். அவரே குழந்தையைக் குளிப்பாட்டிப் பால்சோறு ஊட்டினார். ஆயினும் "என்னம்மா, உங்கள் மாணவி இவ்வளவு மந்தமா?" என்று என்னிடம் கேட்டபோது அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. அருகிலிருந்த மருத்துவகம் ஒன்றில் இருமுறை காட்டியிருக்கின்றனர்; சத்து மருந்துக் குப்பி ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் குடியிருந்த செவிலியர் ஒருவர்தாம் அவள் குரலைக் கேட்டு ஐயுற்று, இரத்தச் சோதனைக்கு அழைத்துச் சென்றார். முடிவு வந்தபோது டி.எஸ்.எச். அளவு இருக்கவேண்டியதைப் போல் பன்மடங்கு இருந்தது. மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் அவள் குரல் திரும்பியது. அந்த அம்மையார் பின்னர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் அடுத்த தெருவில் எவளேனும் பிள்ளை பெற்றால், "தைராய்டு பார்த்தீர்களா?" என்று கேட்பதை வழக்கமாகக் கொண்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

சோதனை கடினமானதன்று. டி.எஸ்.எச்., அதனுடன் டி4 ஆகிய இரண்டும் ஒரு துளை இரத்தத்தில் தெரிந்துவிடும். முடிவைப் படிக்கும்போதுதான் கவனம் வேண்டும். முதல்நிலையில் சுரப்பி மிகையாகச் சுரப்பதில்லை, சேமித்தது கசிகின்றது. ஆதலின் சுரப்பை நிறுத்தும் மாத்திரைகள் இங்குப் பயன்படா. படபடப்பு மிகுந்தால் அதனைத் தணிக்கும் மருந்து சில வாரங்களுக்குப் போதும். ஆனால் கிரேவ்ஸ் நோய் என்னும் வேறொரு தைராய்டு நோயும் மகப்பேற்றுக்குப்பின் தலைகாட்டும். அதில் சுரப்பி உண்மையாகவே மிகையாகச் சுரக்கும். அதற்கு அந்த மாத்திரைகள் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியத் தகுந்த மருத்துவரே வேண்டும்; அண்டை வீட்டாரின் மருந்துச் சீட்டு உதவாது. கதிரியக்க அயோடின் கொண்டு செய்யும் சோதனை ஒன்று உண்டு. பாலூட்டும் தாய்க்கு அது கூடாது. நான் பாலூட்டுகின்றேன் என்பதை நீங்களே முன்வந்து சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் நிலைக்கு உரிய தைராக்சின் மாத்திரை, நம் சுரப்பி இயல்பாகச் சுரக்கும் பொருளே. அதனை உட்கொண்டு பாலூட்டலாம், குழந்தைக்குத் தீங்கில்லை. மருந்துக்கு அஞ்சிப் பாலை நிறுத்துவதும், பாலுக்கு அஞ்சி மருந்தை நிறுத்துவதும் இரண்டுமே தவறு. இன்னொன்று, பலரும் அறியாதது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் கொடுப்பது வழக்கம். எல்லாவற்றையும் ஒன்றாக உள்ளங்கையில் வைத்து ஒரே மடக்கில் விழுங்கிவிடுகின்றோம். அவ்வாறு செய்தால் தைராக்சின் உடலில் சேராது. அதிகாலை வெறும் வயிற்றில் நீருடன் தைராக்சின். அரைமணி நேரமேனும் கழித்தே காப்பியோ சிற்றுண்டியோ. மற்ற இரு மாத்திரைகளும் நான்கு மணி நேரத்திற்குப் பின்னரே.

மனநிலையைப் பற்றியும் ஒரு சொல். பேற்றுக்குப்பின் வரும் மனச்சோர்வு எல்லாமே தைராய்டால் வருவதன்று. அதற்கு வேறு காரணங்கள் பல. ஆயினும் அழுதுகொண்டே இருக்கும் தாய்க்கு அறிவுரை சொல்லுமுன் அவள் இரத்தத்தைச் சோதித்துவிடுவது அறிவுடைமை. உறக்கமே இன்றி, இல்லாத குரல் கேட்பதாகச் சொல்லி, குழந்தைக்குத் தீங்கு நேரும் என்று பிதற்றத் தொடங்கினால், அது காற்றுக் கருப்பு அன்று. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நோய். அப்பெண்ணைத் தனியே விடலாகாது.

இதுவரை எதிர்ப்பாற்றல் மிகுவதால் வரும் கேடுகளைச் சொன்னேன். தொற்றுகளைக் கூறாமல் முடிப்பது முறையன்று. பிரசவ ஜன்னி என்று நம் பாட்டிமார் நடுங்கிய நோய், ஈன்ற புண்ணின் வழியே கிருமி புகுவதால் வருவது. வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் 1847-இல் மாணவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார் இறந்த பிரிவில் ஜூனில் இருவரே இறந்தனர். கை கழுவுதல் அவ்வளவு பெரிய மருந்து. பால் கட்டினால் காய்ச்சல் வருவது இயல்பு என்று நம்மவர் கூறிக் காத்திருப்பதுண்டு. காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டாலோ, தீட்டில் கெடுநாற்றம் வீசினாலோ, அடிவயிறு வலித்தாலோ காத்திருக்கலாகாது.

காசநோய் வேறு வகையானது. இங்கே எதிர்ப்பாற்றல் மீள்வதே நோயைக் காட்டிக்கொடுக்கின்றது. கருவுற்ற காலத்தில் காசநோயின் அறிகுறிகள் அடங்கியிருந்து, பேற்றுக்குப்பின் வெளிப்படுகின்றன. இங்கிலாந்தில் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வொன்று, மகப்பேற்றை அடுத்த ஆறு மாதங்களில் காசநோய் கண்டறியப்படுவது மற்ற காலத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்று கண்டது. காசநோய் குறைந்த நாட்டிலேயே அந்நிலை. மிகுந்த நம் நாட்டில், இரண்டு வாரம் தாண்டிய இருமலை, மாலைக் காய்ச்சலை, மெலிவைப் பிள்ளை பெற்ற களைப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் சளிச் சோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

நடைமுறைக்கு ஒரு கருத்தைச் சொல்லி அமைகின்றேன். நாற்பது நாளுக்குப்பின் தாயை எவரும் சோதிப்பதில்லை என்றேன். ஆனால் குழந்தையைத் தடுப்பூசிக்கு 6, 10, 14-ஆம் வாரங்களிலும், பின்னர் 9-ஆம் மாதத்திலும் தவறாமல் தூக்கிச் செல்கின்றோம். தூக்கிச் செல்பவள் தாயே. குழந்தையை எடை பார்க்கும் அதே இடத்தில் தாய் தன்னைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சொல்லலாம்: எனக்கு நெஞ்சு படபடக்கின்றது, அல்லது, எனக்குச் சோர்வு நீங்கவில்லை. அந்த 9-ஆம் மாதம் நோயின் இரண்டாம் நிலைக்கு ஏற்ற பொழுதாகவும் அமைந்திருக்கின்றது. சர்க்கரை நோயின் முதல் வகை உடைய பெண்கள், தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ தைராய்டு உள்ளவர்கள், முன்பே தைராய்டு எதிர்ப்பொருள் இருப்பதாகச் சோதனையில் கண்டவர்கள் ஆகியோர், அறிகுறி வரும்வரை காத்திராமல் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் சோதித்துக்கொள்வது நலம்.

ஒருமுறை இந்நோய் வந்து தேறியவர்களுக்கு அடுத்த பேற்றிலும் வருவதற்கு மிகுந்த வாய்ப்புண்டு. பத்தில் ஏழு பேருக்கு அது மீள்வதாகக் கணக்கிட்டுள்ளனர். ஆகவே அடுத்து கருவுற்றவுடன், முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் பழைய சீட்டைக் காட்டுங்கள். தேறியவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்துக்கொள்ள வேண்டும், சில ஆண்டுகள் கழித்துச் சுரப்பி நிலையாகக் குன்றுவோர் உளர். சோதனைச் சீட்டைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டை நம் வீடுகளில் ஒருபோதும் தொலைவதில்லை.